பாத்ரூம் பக்கத்து சீட்டு

உக்காருங்க தாயி. மேல் சீட்டு உங்களுதா? அதனால என்ன, பகல் வண்டிதான, ரெண்டு பேரும் இங்கனயே எதிரெதிரா உக்காந்துக்கிடலாம். அந்த முறுக்குப் பையைக் கீழ வைக்காதீய, எலி ஓடுது. மூக்கைப் பொத்த வேண்டாம், சாத்தூர் தாண்டுறதுக்குள்ள பழகிரும். எனக்குத் திருநவேலியிலயே பழகிட்டு.

எடத்தைப் பாத்தீயளா? எனக்கு முதுகுப் பக்கம் கதவு, கதவுக்கு அந்தாண்ட கக்கூஸ். ஒருத்தன் உள்ள போனா என்ன செய்யுதான்னு இங்க இருந்தே சாட்சி சொல்லலாம். இவ்வளவு நீளப் பெட்டியில நடுவுல எத்தனை நல்ல எடம் கெடக்கு, என் மக எனக்குன்னு போட்டுக் குடுத்தது இது. கெடைச்சதைப் போட்டான்னு நெனைச்சிராதீய. மொதல்ல நடுவுலதான் கெடைச்சுதாம். அதைக் கேன்சல் பண்ணிட்டு மறுபடி போட்டு, அதையும் கேன்சல் பண்ணி, இந்த எடம் விழுற வரைக்கும் விடலையாம். மாப்பிள்ளை வாய் தவறிச் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அது போதாதுன்னு போன்ல உத்தரவு வேற. "அம்மா, யாராவது சீட்டு மாத்திக்கிடலாமான்னு கேட்டா மாத்தாத. அங்கயே இரு." பெத்த தாயை எங்க உக்கார வைக்கணும்னு அவளுக்கு எப்படித் தெரிஞ்சிருக்கு பாத்தீயளா.

ஒரு வகையில எனக்கு இது சவுரியமாப் போச்சு. அது வேற விஷயம்.

நீங்க கோயில்பட்டியில ஏறுனதுல இருந்து நான் எந்திரிச்சு எந்திரிச்சுப் போறதைப் பாக்கீயள்லா. கேக்கணும்னு இருக்கு, கேக்க மாட்டங்கீய. சுகரெல்லாம் கெடையாது. சொல்லுதேன். சென்னையில எறங்குனா நீங்க யாரோ நான் யாரோ, உங்ககிட்ட எனக்கென்ன வெக்கம்.

என்னைப் பாத்தா யாருன்னு தோணுது? டீச்சரா? எல்லாரும் அதான் சொல்லுவாக. போலீசு, தாயி. ஏட்டு சண்முகவடிவு. பஸ் ஸ்டாண்டுல நான் லத்தியை ஒரு தட்டுத் தட்டுனா பிக்பாக்கெட் எல்லாம் அவனவன் பையில கைய விட்டுக்கிட்டு நல்ல பிள்ளையா நிப்பான். இப்ப ரிட்டையர் ஆகியாச்சு. லத்தியை ஒப்படைச்சாச்சு, குரலை மட்டும் வாங்கிக்கிட மாட்டேன்னுட்டாக.

பந்தோபஸ்துன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியாது. பெரிய மனுசன் ஒருத்தர் ரோட்டுல போகப் போறாருன்னா, விடியிறதுக்கு முன்னாலயே எங்களைக் கொண்டு போயி, ஆளுக்கொரு வேப்பமரம், ஆளுக்கொரு கரண்டுக் கம்பம்னு நட்டு வச்சிருவாக. அவரு எப்ப வருவாருன்னு அவருக்கே தெரியாது. ஆம்பளைப் போலீசுக்கு ஒண்ணுக்கு வந்தா திரும்பி நின்னாப் போதும், ஊரெல்லாம் சுவர். நாங்க எங்க போறது? தொப்பியும் பெல்ட்டும் போட்டுக்கிட்டு யாரு வீட்டுக் கதவைத் தட்டுறது? தட்டுனா ரெய்டுன்னு நெனைச்சு பின்வாசல் வழியா ஓடிருதான். நெசமா நடந்திருக்கு.

அதனால நாங்க ஒரு வழி வச்சிருந்தோம். டூட்டின்னா மொத நாள் சாயங்காலத்துல இருந்து தண்ணி கெடையாது. வாய் காஞ்சா எச்சிலை முழுங்கிக்கிட வேண்டியது. உள்ள ஊத்தலைன்னா வெளிய வராது, அவ்வளவுதான சங்கதி. அப்படியும் வந்தா அடக்க வேண்டியது. அடக்குறதுல என்னை மிஞ்ச எங்க பேட்ச்ல ஆள் கெடையாது. சின்னப் பிள்ளைக புதுசா வேலைக்கு வந்தா, "வடிவக்காகிட்டக் கேட்டுக்க, அவ கல்லு"ன்னு அனுப்பி வைப்பாக. நான் ஒரு காலை மடக்கி, பல்லைக் கடிச்சு, மனசுக்குள்ள ஒண்ணாம் வாய்ப்பாட்டுல இருந்து சொல்லிக்கிட்டே நிக்கணும்னு வகுப்பெடுப்பேன். பதினாறாம் வாய்ப்பாடு வரைக்கும் எனக்கு இன்னும் மறக்கலை. குருன்னா நாந்தான் குரு. குருவோட கதி என்னாச்சுன்னு அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது, பாவம்.

ரிட்டையர் ஆகுறதுக்குக் கொஞ்சம் முன்னால ஆரம்பிச்சுது. டூட்டி முடிச்சு வீட்டுக்கு வாரேன். தெருமுனை வரைக்கும் ஒண்ணும் இல்லை. பூட்டுல சாவியை விடுதேன். அவ்வளவுதான். அந்தச் சாவிச் சத்தம் கேட்டதும் உள்ள எவனோ கதவைத் திறந்துட்டான். நான் பாத்ரூமுக்கு ஓடுதேன், அது எனக்கு முன்னால ஓடுது. பூட்ஸுக்குள்ள போயிட்டு. ஏட்டு சண்முகவடிவு, காக்கிச் சட்டையோட, நடு ஹால்ல நிக்கேன். அழுகை வருமா சிரிப்பு வருமா சொல்லுங்க. எனக்குக் கோவம் வந்துட்டு. யாரைப் பிடிச்சு உள்ள போடுறதுன்னுதான் தெரியலை.

பொறவு சாவி மட்டும் இல்லை. குழாய்ல தண்ணி விழுற சத்தம் கேட்டா வரும். பக்கத்து வீட்டுக்காரி வாசல் தெளிச்சா எனக்கு இங்க வரும். மழை பேஞ்சா கேக்கவே வேண்டாம். தும்முனா ஒரு சொட்டு, சிரிச்சா ரெண்டு சொட்டு. அதனாலயே சிரிக்கிறதைக் கொறச்சுட்டேன். ரிட்டையர் ஆனதும் வடிவுக்குத் திமிர் கூடிப்போச்சுன்னு ஊருல சொன்னாக. சொல்லிட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்.

வீட்டுல ஒரு ஈ காக்காவுக்குத் தெரியவிடலை, பாத்துக்கிடுங்க. போலீஸ் மூளைல்லா. என் துணியை நானே தொவைச்சு, மாடியில மத்த துணிக்கு நடுவுல மறைச்சுக் காயப்போடுவேன். தரையில விழுந்தா தண்ணிச் செம்பு தட்டிட்டுன்னு சொல்லுவேன். எங்க வீட்டுக்காரவுக மின்வாரியத்துல லைன்மேன், வெள்ளந்தி மனுசன், கரண்டு கம்பத்தைத் தவிர எதையும் அண்ணாந்து பாக்க மாட்டாக. மக சுபலட்சுமி படிப்பு, வேலைன்னு அவ பாட்டுக்கு இருந்தா. அவ எங்க இதையெல்லாம் கவனிக்கப் போறா.

இருங்க, டீ வருது. நீங்க குடிங்க தாயி. எனக்கு வேண்டாம், நான் குடிச்சா அது நேரா மதுரை ஸ்டேஷன்ல போயி எறங்கிரும்.

என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்? ஆங், சுபா. அப்பத்தான் அவளுக்குச் சம்பந்தம் கூடி வந்துது. மாப்பிள்ளை தாம்பரத்துல என்ஜினீயர், ஒரே பையன், நல்ல குடும்பம். எனக்கும் ஒரே மக. சந்தோசப்பட வேண்டியவ தலையில கைய வச்சு உக்காந்துட்டேன். ஏன்னு கேளுங்க. எங்கள்ல கல்யாணத்துல தாரை வார்க்கணும். அப்பன் மகளோட கையைப் பிடிச்சு மாப்பிள்ளை கையில வைக்கணும், அம்மா பக்கத்துல நின்னு செம்புல இருந்து தண்ணியை ஊத்திக்கிட்டே இருக்கணும். அய்யர் மந்திரம் சொல்லி முடிக்கிற வரைக்கும் நூல் மாதிரி விழணும், அந்துறக் கூடாது. நான் ஆயிரம் பேருக்கு முன்னால மேடையில நின்னு, என் கையால, தண்ணிச் சத்தத்தை உண்டாக்கணும். வெடிகுண்டை என் கையில குடுத்து நீயே கொளுத்துன்ன மாதிரி ஆகிப்போச்சு.

எனக்கு ஒடம்பு சரியில்லை, மயினி, அதான் என் நாத்தனாரு, ஊத்தட்டும்னு விட்டிருக்கலாம். மயினி தயாராத்தான் இருந்தாக, பட்டுச்சேலை எடுக்கும்போதே, "வடிவு, உனக்கு முடியலன்னா நான் இருக்கேன்"ன்னு ஒரு வார்த்தை போட்டு வச்சாக. ஆனா எனக்கு மனசு கேக்கலை. தாயி, என் மக பெரிய மனுசியானப்ப நான் கன்னியாகுமரியில பந்தோபஸ்து. தண்ணி ஊத்துனது மயினிதான். பள்ளிக்கூடத்துல அவ பரிசு வாங்குனப்ப நான் தேர் டூட்டி. ஒரு பொறந்தநாளுக்கு நான் முழுசா வீட்டுல இருந்ததில்லை. அவ என்னைப் பாத்து ஏன் வரலன்னு ஒரு நாள் கேட்டதில்லை, அதுதான் எனக்கு நெஞ்சுல கெடக்கு. இந்த ஒண்ணையாவது, இந்தத் தாரையையாவது நாந்தான் வார்க்கணும்னு ஒரு வைராக்கியம். வார்க்கணும், மேடையில மானம் போகவும் கூடாது. ஆவணிக் கடைசியில முகூர்த்தம். அந்த மாசம் முழுக்க எனக்கு வேற நெனைப்பே இல்லை.

அதுக்காக டாக்டர்கிட்டயும் போனேன். உள்ளூர்ல போனா தெரிஞ்சிரும்னு தூத்துக்குடிக்குப் போனேன், தலையில முக்காடு போட்டுக்கிட்டு. மூத்திர டாக்டர் வாசல்ல உக்காந்திருக்கிறது பூரா ஆம்பளைக. அதுல ஒரு பெரியவர் என்னையே உத்துப் பாக்காரு. "ஏட்டம்மா, என்னைத் தெரியலையா? நான் ஸ்டேஷன் காம்பவுண்டு சுவர்ல ஒண்ணுக்கு இருந்துட்டேன்னு நீங்க வாளியில தண்ணி கொண்டாந்து கழுவ வச்சீய. ஒரு அஞ்சு நிமிசம் அடக்க முடியாதா, நீ மனுசனா மாடான்னு கேட்டீய." நான் கேட்டிருப்பேன், கேக்கிற ஆள்தான். "உங்களுக்கும் அதானா?"ங்காரு, நல்லா அன்பா. நான் விடுவேனா. வெறைப்பா நிமிர்ந்து, "இல்ல, ஒரு விசாரணைக்கு வந்திருக்கேன்"னேன். சொல்லி வாயை மூடல, உள்ள இருந்து நர்சுப் பிள்ளை எட்டிப் பாத்து சத்தமாக் கேக்கா, "சண்முகவடிவு யாரு? யூரின் குடுத்தாச்சா?" பெரியவர் மரியாதைக்கு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாரு. நல்ல மனுசன்.

டாக்டர் சின்ன வயசு. ஸ்கேனைக் காட்டி வெளக்கம் சொன்னாரு. மேல ரெண்டு சிறுநீரகமாம். அதுல இருந்து கீரைத்தண்டு மொத்தத்துல ரெண்டு குழாய் கீழ எறங்குதாம். அது சும்மா ஒழுகுற குழாய் இல்லையாம், புழு நெளியுற மாதிரி தானே பிதுக்கிப் பிதுக்கிச் சொட்டுச் சொட்டா எறக்குமாம், நாம தூங்குனாலும் தூங்காதாம். ரெண்டும் கீழ ஒரு பையில வந்து சாய்வாச் சேருதாம், உள்ள போனது மேல ஏறிறக் கூடாதுன்னு. "குழாய் ரெண்டும் நல்லா இருக்கும்மா, கல்லு கில்லு இல்லை. நீங்க அடக்குன அடக்குக்கு அது வீங்கியிருக்கணும், தப்பிச்சிட்டீங்க. பைதான் கெட்டுப்போச்சு"ன்னாரு. பையைச் சுத்தி ஒரு தசை இருக்காம். மூளை சொன்னாத்தான் அது சுருங்கணும். என் பை இப்ப மூளையைக் கேக்கிறதே இல்லையாம். பாதி ரொம்புறதுக்குள்ள தன்னால முறுக்குதாம். எத்தனை வருசம் அதை மெரட்டி வச்சிருந்தேன், இப்ப மேலதிகாரிக்கே கீழ்ப்படிய மாட்டங்கு. என்கிட்ட வேலை பாத்த பைதான, திமிர் இருக்கத்தான செய்யும்.

மாத்திரை குடுத்தாரு. தசையைச் சுருக்கி விடுற பயிற்சி சொல்லிக் குடுத்தாரு, அதை எங்க உக்காந்து செஞ்சாலும் யாருக்கும் தெரியாதாம். இப்பக்கூடச் செஞ்சுக்கிட்டுத்தான் பேசுதேன். காபியை விடுங்கன்னாரு. கடியாரத்தைப் பாத்து, வந்தாலும் வராட்டாலும் போங்க, கொஞ்சம் கொஞ்சமா நேரத்தைத் தள்ளிப் பழகுங்கன்னாரு. கடைசியா ஒண்ணு சொன்னாரு. "தண்ணியை மட்டும் நிறுத்திராதீங்க. தண்ணி கொறஞ்சா மூத்திரம் கெட்டியாகிப் பையை உறுத்தும், இன்னும் அவசரமா வரும்." நான் தலையை ஆட்டுனேன். மனசுக்குள்ள, தம்பி, நீ படிச்சிருக்க, பந்தோபஸ்துல நின்னிருக்கியான்னு நெனைச்சுக்கிட்டேன்.

இதுக்கு நடுவுல என் மக என்னைப் படுத்துன பாடு இருக்கே, அதைச் சொல்லணும். அந்த ஆவணியில அவளுக்கு எம்மேல என்ன கோவமோ. எதைச் சொன்னாலும் அதுக்கு எதிர்மாறு.

மொதல்ல மண்டபம். பைபாஸ்ல ஒரு மண்டபம் பாத்தேன், மேடையே அரை கிரவுண்டு இருக்கும், யானை வந்து மாலை போடலாம். சம்பந்தி வீட்டுக்காரவுக அசந்து போவாகன்னு இருந்தேன். இவ போயிப் பாத்துட்டு வேண்டாம்னுட்டா. பஜார்ல ஒரு பழைய மண்டபம், பெயிண்ட் உரிஞ்சு கெடக்கும், அதுதான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கா. ஏன்ட்டின்னா, "மணமகள் ரூம் மேடைக்குப் பின்னாலயே இருக்கும்மா, உள்ளயே பாத்ரூம் இருக்கு, மேக்கப் போட வசதியா இருக்கும்"ங்கா. பாத்ரூமைப் பாத்து மண்டபம் பிடிச்ச மகராசி ஒலகத்துல என் மக ஒருத்திதான்.

அடுத்து சேலை. சந்தனக் கலர்ல எனக்கு ஒரு பட்டு, கையில எடுத்து மேல போட்டுப் பாக்கேன், கடைக்காரப் பையனே நல்லாருக்குங்கான். இவ பிடுங்கி வச்சிட்டு, நாவப்பழக் கலர்ல, கறுப்புக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி மாதிரி ஒரு சேலையை எடுத்துக் குடுத்தா. நான் ஏற்கனவே வெயில்ல நின்னு கறுத்தவ. மேடையில போட்டோ நெகட்டிவ் மாதிரி தெரிவேன்னேன். "அம்மா, இதான் உனக்கு எடுப்பா இருக்கும், எனக்காகக் கட்டு"ன்னா. என்னத்த சொல்ல.

காபித்தூள் டப்பாவை ஒளிச்சு வச்சா. வீட்டுல காபி வாசம் வந்தா எனக்குத் தலைவலிங்கா. பொறந்ததுல இருந்து குடிச்சவ, திடீர்னு தலைவலி. போற வாரப்பல்லாம் ஒரு சொம்பு தண்ணியைக் கொண்டாந்து, "குடிம்மா, குடிம்மா"ன்னு நிப்பா. குடிக்காதவளுக்கு அது எவ்வளவு தொந்தரவு. அவ அந்தப் பக்கம் போனதும் துளசிச் செடிக்கு ஊத்திருவேன். அந்த வருசம் துளசி காடா வளந்துது.

இதையெல்லாம் பொறுத்துக்கிட்டேன். ஒண்ணைத்தான் பொறுக்க முடியலை. அவளுக்கு ஒரு கெட்ட பழக்கம். எங்க போனாலும், நாலு பேர் இருக்கிற எடத்துல, "அம்மா, எனக்கு பாத்ரூம் போகணும், தனியாப் போகப் பயமா இருக்கு, துணைக்கு வா"ம்பா. கடையில, கோயில்ல, எல்லா எடத்துலயும். வெக்கமே கெடையாது. நிச்சயம் பேசி முடிக்க சம்பந்தி வீட்டுக்குப் போயிருக்கோம். பெரியவுகள்லாம் உக்காந்து தாம்பூலம் மாத்தப் போறாக. சம்பந்தியம்மா திலகவதி ரொம்பச் சுத்தபத்தம், வாய் திறந்தா சாஸ்திரம். அந்த நேரம் பாத்து, கல்யாணப் பொண்ணு எந்திரிச்சு, "அத்தை, பாத்ரூம் எங்க இருக்கு"ங்கா. சபையே திரும்பிப் பாக்கு. திலகவதியம்மா மொகம் எப்படிப் போச்சு தெரியுமா. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கிடலாம்னு இருந்துது. சரின்னு துணைக்குப் போனேன். போன எடத்துல, "நீ மொதல்ல போம்மா"ங்கா. நானும் அவசரத்துல இருந்தேனா, போயிட்டேன். வெளிய வந்தா அவ கண்ணாடியில பொட்டைச் சரிபண்ணிட்டு நிக்கா. உள்ள போகவே இல்லை. இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்ட்டீன்னு அங்கனயே தொடையில ஒரு கிள்ளு கிள்ளுனேன்.

என்ன, சிரிக்கீய? சிரிங்க, இப்ப சிரிக்கலாம். அப்ப எனக்கு எரிஞ்சுது.

கல்யாணம் வந்துட்டு. நான் என் பந்தோபஸ்து சட்டப்படி மொத நாள் சாயங்காலத்தோட தண்ணியை நிறுத்திட்டேன். சொட்டு உள்ள போகலை. காலையில எந்திரிச்சா, டாக்டர் சொன்னது சொன்னபடி நடக்கு. உள்ள இருக்கிறது என்னவோ ஒரு ஒழக்குத்தான், அது மொளகாத்தண்ணி மாதிரி காந்துது. போயிட்டு வாரேன், திரும்ப வருது. போயிட்டு வாரேன், திரும்ப வருது. மேடையில ஏறும்போதே காலை மடக்கியாச்சு, வாய்ப்பாடு ஆரம்பிச்சாச்சு.

தாரைக்கு நேரம் ஆச்சு. அவுக சுபா கையைப் பிடிச்சு மாப்பிள்ளை கையில வச்சாக. நான் பக்கத்துல நிக்கேன், செம்பு என் கையில. அய்யர் ஊத்துங்கன்னாரு. ஊத்துனேன். தண்ணி அவ கையில விழுந்து, கீழ தாம்பாளத்துல சலசலன்னு ஒரு சத்தம். தாயி, எனக்குக் கண்ணு இருட்டிட்டு. ஏழாம் வாய்ப்பாட்டுல நிக்கேன், ஏழெட்டு என்னன்னு வர மாட்டங்கு. முன்னால ஊரே உக்காந்திருக்கு, போட்டோக்காரன் லைட்டை என் மேல அடிக்கான். அடியில ஒரு சூடு பரவுது. போச்சு. இத்தனை வருசம் காத்த மானம், என் மக கல்யாண மேடையில போச்சுன்னு நெனைச்சேன். சுபா அண்ணாந்து என் மொகத்தைப் பாத்தா. ஒரே ஒரு பார்வைதான்.

அடுத்த நொடி இவ கையை என்ன செஞ்சாளோ, படார்னு தூக்கிட்டா. செம்புல தட்டி, செம்பு கவுந்து, அம்புட்டுத் தண்ணியும் என் மேல. இடுப்புல இருந்து பாதம் வரைக்கும் நனைஞ்சு, மேடையெல்லாம் ஓடுது. எது செம்புத் தண்ணி, எது என் தண்ணின்னு அந்த வருண பகவானுக்கே தெரியாது. எங்க ஊர்க் காந்திமதி அம்மனே, நீ இருக்கன்னு உள்ளுக்குள்ள கும்பிட்டேன். வெளிய மகளைப் பாத்து, "ஏட்டி, கையில நிதானம் இல்லையா"ன்னு ஒரு அதட்டு அதட்டுனேன். அதட்டலன்னா சந்தேகம் வரும்லா.

சபையில ஒரே சலசலப்பு. தாரைச் செம்பு கவுந்தா நல்லதுக்கில்லைன்னு பின்னால எவளோ சொன்னது எனக்குக் கேட்டுது. திலகவதியம்மா உதட்டைச் சுழிச்சாக. சுபா குனிஞ்ச தலை நிமிரலை. "கை நடுங்கிட்டு அய்யரே, தப்பு என்னுதுதான். நேரம் இருக்குல்லா, அம்மா சேலை மாத்திட்டு வரட்டும்"னா. நேரம் இருக்கும்மா, நிதானமாச் செய்யலாம்னாரு அய்யரு. நான் நாலு எட்டுல மேடைக்குப் பின்னால மணமகள் ரூமுக்குள்ள போயிட்டேன். நிம்மதியா எல்லாத்தையும் முடிச்சுட்டு வெளிய வந்தா, கட்டில்ல ஒரு பட்டுச்சேலை மடிச்சு வச்சிருக்கு. நான் கடையில ஆசைப்பட்டேன்னு சொன்னேன்லா, அதே சந்தனக் கலர். பக்கத்துல பாவாடை, ஜாக்கெட், என் அளவுக்கே. யாரு வச்சாகளோ, மயினியா இருக்கும்னு நெனைச்சேன். நல்ல மனசு அவுகளுக்கு. கட்டிக்கிட்டு வந்து, காலிப் பையோட, ராணி மாதிரி நின்னு தாரை வார்த்தேன். நூலு மாதிரி விழுந்துது, ஒரு எடத்துல அறுபடலை. எங்க வீட்டுக்காரவுக அழுதாக. நானும் அழுதேன். எம் மகளும் அழுதா, ஆனா அவ என்னைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே அழுதா.

ஆனா அந்தச் செம்பு விஷயம் அவளுக்கு ஒட்டிக்கிட்டு. திலகவதியம்மா வீட்டுல ஒரு டம்ளர் ஒடைஞ்சாலும், "தாரைச் செம்பையே தட்டி விட்டவதான"ம்பாகளாம். பால் பொங்குனா அதே பேச்சு. ரெண்டு வருசமா பிள்ளை உண்டாகலைன்னதுக்கும் அந்தச் செம்பைத்தான் சொன்னாக. இவ ஒரு வார்த்தை மறுத்துப் பேச மாட்டா. எனக்கு போன் பண்ணி அவுக சொல்லும்போது நானும், "ஆமா சம்பந்தி, சின்னதுல இருந்தே அவளுக்குக் கையில நிதானம் கெடையாது"ன்னு ஒத்து ஊதுவேன். சம்பந்திகிட்ட மல்லுக்கு நிக்க முடியுமா. இப்பத்தான் உண்டாயிருக்கா. வளைகாப்புப் போட்டுக் கூட்டியாரத்தான் போறேன். எங்க வீட்டுக்காரவுக சீர் சாமானோட அடுத்த வாரம் வாராக.

சுபா என்ன வேலை பாக்கான்னா கேக்கீய? லேப்ல. ஆஸ்பத்திரியில ரத்தம் எடுக்கிற வேலை. சுபா எடுத்தாத்தான் வலிக்காதுன்னு ஆளுக காத்திருப்பாகளாம். பச்சப்பிள்ளைக்கு நரம்பு கெடைக்கலைன்னா மத்தவுகள்லாம் கையை எடுத்துட்டு இவளைத்தான் கூப்பிடுவாக. அவ்வளவு நிதானமான கை. சின்னதுலயே அப்படித்தான், தூக்குவாளி நெறையப் பால் வாங்கிட்டு தெரு முழுக்க ஓடி வருவா, ஒரு சொட்டுக் கீழ...

ஒரு சொட்டுக் கீழ சிந்த மாட்டா.

இருங்க தாயி. ஒரு நிமிசம் பேசாதீய.

அந்தச் சந்தனச் சேலை. அது மயினிக்கு எப்படித் தெரியும்? கடைக்கு வந்தது நானும் அவளுந்தான.

நீங்க அப்பவே சிரிச்சீயள்லா. பொட்டைச் சரிபண்ணிட்டு நின்னான்னு சொன்னப்பவே சிரிச்சீய. அப்பவே உங்களுக்குத் தெரிஞ்சிட்டு. காலையில பாத்த உங்களுக்குத் தெரியுது, பெத்து வளத்த எனக்கு இப்ப, இந்தக் கக்கூஸ் வாசல்ல வந்து தெரியுது. நானும் ஒரு போலீசுக்காரி. ஒருத்தன் நடந்து வார நடையை வச்சே இவன் திருடன்னு சொல்லுவேன். என் வீட்டுக்குள்ள ஒருத்தி எனக்காக ஒரு ஆவணி முழுக்கப் பந்தோபஸ்து போட்டிருக்கா, எனக்குத் துப்புக் கெடைக்கலை. காபி டப்பா. தண்ணிச் சொம்பு. அந்த ஒட்டடை மண்டபம். தொடையில கிள்ளுனேனே தாயி. ஒத்து ஊதுனேனே, கையில நிதானம் இல்லாதவன்னு, அவ மாமியார்கிட்ட நானே சொன்னேனே.

அழலை. அழுதா அதுக்கும் வரும், அதான் பயமா இருக்கு.

மாசமா இருந்தா அடிக்கடி வரும்லா. குழந்தை பையை அமுக்கும்ல. "மணிக்கொரு தடவை எந்திரிக்காளே, இப்படியும் ஒரு பொண்ணா"ன்னு திலகவதியம்மா சொல்லுதாகன்னு போன வாரம் சிரிச்சுக்கிட்டே சொன்னா. வளைகாப்புல அவளைச் சபை நடுவுல உக்கார வச்சு, ஒவ்வொருத்தியா வந்து வளையல் போடுவாக, எந்திரிக்க விட மாட்டாக. விடாட்டா என்ன. நான் இருக்கேன்லா. எல்லாரும் கேக்க, என் போலீஸ் குரல்ல சொல்லுவேன். "சுபா, எனக்கு பாத்ரூம் போகணும், தனியாப் போகப் பயமா இருக்கு, துணைக்கு வாட்டி." திலகவதியம்மா மொகம் எப்படி வேணாலும் போகட்டும். அங்க போயி நான் கண்ணாடி பாத்துக்கிட்டு நிப்பேன். பொறவு அந்தச் செம்பு கதையையும் சம்பந்தியம்மாவை உக்கார வச்சு ஒரு நாள் சொல்லிற வேண்டியதுதான். மானம் போனாப் போகுது, அதை வச்சு நான் என்ன செய்யப் போறேன்.

டி.டி.ஆர் வாராரு, டிக்கெட்டை எடுங்க.

இந்தாங்க சார், சண்முகவடிவு, ஏழாம் நம்பர். என்னது? நடுவுல லோயர் காலியா இருக்கா? வயசானவுக, இந்த நாத்தத்துல ஏன் கஷ்டப்படுதீயன்னு கேக்கீயளா? நல்லா இருப்பீய சார். வேண்டாம், இங்கனயே இருக்கட்டும். இது எனக்குன்னு பாத்துப் பாத்துப் போட்ட சீட்டு.